கிராம சபைக் கூட்டம்: தொடர்ந்து செல்லும் ஒருவரின் மதிப்பீடு

தமிழ்நாட்டில் கிராம ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவருக்கும் ஆண்டுக்கு ஆறு முறை கட்டணமின்றிக் கிடைக்கும் பொதுச் சேவை கிராம சபைக் கூட்டம். ஜனவரி 26, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1 ஆகிய நாட்களில் இது கூடுகிறது. முன்பு நான்காக இருந்த கூட்டங்கள் 2022-இல் ஆறாக உயர்ந்தன. டெல்டா மாவட்டம் ஒன்றில், ஆற்றுக்கு இருபுறமும் சிதறிக் கிடக்கும் குக்கிராமங்களைக் கொண்ட ஓர் ஊராட்சியில் வசிக்கிறேன். இந்தக் கூட்டங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றை வேண்டாம் என்று ஊர் சேர்ந்து சொல்வதற்கு இதைவிட வலுவான இடம் வேறில்லை. ஒன்றைக் கேட்டுப் பெறுவதற்கோ இது இன்னும் பாதிச் சேவைதான். நிறைவேறிய தீர்மானத்துக்கு இன்ன நாளுக்குள் இன்னார் பதில் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லாததே அதற்குக் காரணம்.

இந்தச் சேவை தரும் வாக்குறுதி பெரியது. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் கொடுத்தது. அதைத் தொடர்ந்து வந்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், ஊர் வளர்ச்சித் திட்டத்துக்கும் ஊராட்சியின் வரவு செலவுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தருவது, முந்தைய ஆண்டின் தணிக்கை அறிக்கையை ஏற்பது, நடந்துவரும் திட்டங்களை மதிப்பிடுவது ஆகியவற்றைக் கிராம சபையின் பணிகளாக வகுத்தது. அரசியல் சட்டத்தின் 11-ஆவது அட்டவணை வேளாண்மை, சிறுபாசனம், தொடக்கக் கல்வி, சுகாதாரம் என்று 29 துறைகளை ஊராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிடுகிறது. ஆனால் அவற்றில் எவற்றை, எந்த அளவுக்குக் கொடுப்பது என்பதை அந்தந்த மாநிலச் சட்டமன்றத்திடமே விட்டுவிடுகிறது. ஆகையால் எங்கள் ஊராட்சியின் கையில் மெய்யாக இருப்பவை குடிநீர், தெருவிளக்கு, ஊராட்சிச் சாலை, வடிகால், சுடுகாடு, குப்பை போன்றவைதாம். பள்ளியில் ஆசிரியர் பணியிடம் காலியாக இருப்பதையோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து இல்லாததையோ எழுந்து கேட்டால், "அது நம்ம கையில இல்லைங்க, மேல எழுதி அனுப்புறோம்" என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலில் பொய் கிடையாது. அதனால்தான் அதோடு வாதாடவும் முடிவதில்லை.

அறிவிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஏழு நாட்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும் என்பது விதி. எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் முந்தைய நாள் மாலை ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு வந்து சொல்வார்கள், அதுவும் பிரதானச் சாலையை ஒட்டிய தெருக்களுக்கு மட்டும். கூட்டத்தைக் குக்கிராமங்களில் மாறி மாறி நடத்த வேண்டும் என்ற ஏற்பாடும் உண்டு. இது கவனமாகப் பின்பற்றப்படும் ஊராட்சிகளில் வருகை கூடுவதைப் பார்த்திருக்கிறேன்.

பொருள் நிரலைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன் மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பு நாளிதழில் வரும். ஊராட்சி நிர்வாகமும் பொதுநிதிச் செலவினமும், தணிக்கை அறிக்கை, தூய்மையான குடிநீர் விநியோகம், கொசுவால் பரவும் டெங்கு காய்ச்சல் தடுப்பு, இணையவழி வரி செலுத்துதல், தூய்மை பாரத இயக்கம், ஜல் ஜீவன் இயக்கம், கடைசியில் "இதர பொருட்கள்" என்று அது நீளும். சென்னையில் தயாராகும் இந்தப் பட்டியல் நீலகிரியின் மலை ஊராட்சிக்கும் இராமநாதபுரத்தின் கடற்கரை ஊராட்சிக்கும் ஏறத்தாழ ஒன்றுபோலவே வந்து சேர்கிறது. கூட்டத்தைப் பார்வையிடப் பற்றாளராக அனுப்பப்படும் அலுவலர் ஒவ்வொரு பொருளாக வாசித்து, அந்தந்தத் துறையின் அறிவுரையையும் சேர்த்து வாசித்து முடிக்கும்போது பகல் பன்னிரண்டைத் தாண்டிவிடும். சாமியானாவுக்கு அடியில் வெயில் இறங்கத் தொடங்கியிருக்கும். சமைக்க வேண்டியவர்களும் மாடு அவிழ்க்க வேண்டியவர்களும் எழுந்து போயிருப்பார்கள். ஊரின் சொந்தப் பிரச்சினைகள் எல்லாம் அந்தக் கடைசி வரியான "இதர பொருட்கள்" என்பதற்குள் அடங்கியவை. வாய்க்கால் ஆக்கிரமிப்பு, பழுதான மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, இரவுப் பேருந்து நின்றுபோனது எல்லாவற்றையும் எஞ்சியிருக்கும் சிலர் எஞ்சிய நேரத்தில் பேசுகிறார்கள். அரசின் செய்தியை ஊருக்குக் கொண்டுவருவதில் எனக்கு மறுப்பில்லை. டெங்கு பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் ஊர் பேசி முடித்த பிறகு அதைப் பேசலாம். வரிசையை மாற்ற எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. ஒரு சுற்றறிக்கை போதும்.

கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற குறைவெண் விதி காகிதத்தில் கண்டிப்பானது. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்திருக்க வேண்டும். எங்கள் பகுதியில் இந்த எண்ணிக்கையை நிரப்பிவந்தவர்கள் நூறு நாள் வேலைக்குச் செல்லும் பெண்கள். பணித்தளப் பொறுப்பாளர் சொல்லி அழைத்து வர, வருகைப் பதிவேட்டில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துவிட்டு வரிசையாகத் தரையில் உட்காருவார்கள். இதைக் கேலியாகச் சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எதற்காக வந்திருந்தாலும், வந்த பிறகு தண்ணீரைப் பற்றியும் கூலி பாக்கியைப் பற்றியும் அஞ்சாமல் கேட்பவர்கள் அந்தப் பெண்கள்தாம். பட்டதாரிகளும் ஓய்வுபெற்ற ஊழியர்களும் பெரும்பாலும் வீட்டில் தொலைக்காட்சியின் கொடியேற்ற நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்லோரும் சமமாக உட்காரும் இடம் என்று இதைச் சொல்லிவிடவும் முடியாது. உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2016-இல் வந்தது. பட்டியல் இனத்தவருக்கான இட ஒதுக்கீடு அதற்கு முன்பிருந்தே உண்டு. ஆயினும் மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி ஒதுக்கப்பட்டதை எதிர்த்துப் பத்தாண்டு காலம் முறையான தேர்தலே நடக்காமல், 2006-இல்தான் நடந்தது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியல் இனத்தைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமரவைக்கப்பட்ட படம் வெளியாகி மாநிலமே பேசியது. ஊருக்கு அதிகாரம் கொடுங்கள் என்று கேட்கும்போது ஊர் என்பது யார் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும். கேட்காதவர்களின் கோரிக்கையை நான் ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

கணக்கு வாசிப்பு இந்தச் சேவையின் மிகப் பயனுள்ள பகுதி, மிக மோசமாகப் பரிமாறப்படும் பகுதியும் அதுதான். வரவு செலவு விவரம் படிவம் 30-இல் எழுதப்பட்டுக் கூட்டத்தின் முன் வைக்கப்பட வேண்டும். நடைமுறையில் ஊராட்சிச் செயலர் எண்களை ஒரே மூச்சில் வாசித்துச் செல்ல, கேட்பவர்களுக்குத் தொகைகள் காதில் விழுமே தவிர மனத்தில் நிற்பதில்லை. ஆனால் அந்தப் படிவத்தைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்தால் ஊராட்சியின் உண்மை நிலை தெரியும். மாநில அரசின் சொந்த வரி வருவாயில் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்படும் 10 சதவீதத்திலிருந்து வந்த பங்கில் ஊழியர் ஊதியமும் மோட்டார்களுக்கான மின்கட்டணமும் குடிநீர்க் கட்டணமும் போக மிஞ்சுவது சொற்பம். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று முன்கூட்டியே கட்டிவைக்கப்பட்டது. இவை போக, ஊர் கூடித் தன் விருப்பப்படி முடிவு செய்வதற்கு எஞ்சும் பணம் எவ்வளவு என்று பார்த்த பிறகு, தலைவர் மீது எனக்கிருந்த கோபத்தில் ஒரு பங்கு கோட்டையின் பக்கம் திரும்பியது.

அடுத்து, தீர்மானம் எழுதிய பிறகு அது எங்கே போகிறது என்பது. ஒரே மாதிரியான தீர்மானம் மூன்று இடங்களில் மூன்று விதமாக முடிந்திருக்கிறது.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்ட ஊர். அதை உள்ளடக்கிய பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் அமைப்பதற்கான ஏல முடிவை 2024 நவம்பரில் ஒன்றிய அரசு அறிவித்தது. அதே மாதத்தில் நடந்த கிராம சபைகளில் அந்தச் சுற்றுவட்டார ஊராட்சிகள் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் நிறைவேற்றியது. ஜனவரியில் மக்கள் மதுரை நகருக்குள் பேரணியாகச் சென்றார்கள். 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. காஞ்சிபுரம் மாவட்டம் ஏகனாபுரத்திலோ, பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்த்து 2022 ஆகஸ்ட் முதல் கிராம சபை கூடும்போதெல்லாம் தீர்மானம் நிறைவேறியது. திட்டம் நிற்கவில்லை, நில எடுப்பு தொடர்ந்தது. இரண்டு ஊர்களின் தீர்மானத்துக்கும் சட்டத்தின் பார்வையில் எடை ஒன்றுதான். அரிட்டாபட்டியில் மாநில அரசும் கட்சிகளும் பக்கத்தில் வந்து நின்றன. ஏகனாபுரத்தில் மாநில அரசு எதிரில் நின்றது. முடிவைத் தீர்மானித்தது அந்த வேறுபாடு.

மூன்றாவது இடம் ஒடிசாவின் நியம்கிரி மலைப்பகுதி. பாக்சைட் சுரங்க விவகாரத்தில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் அடிப்படையில் முடிவைக் கிராம சபைகளிடம் விட்டது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக அமர, கூட்டப்பட்ட 12 கிராம சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. அடுத்த ஆண்டு ஜனவரியில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது. அங்கே எந்தக் கட்சியின் தயவும் தேவைப்படவில்லை. சட்டமே தீர்மானத்தைக் கேட்டு வாங்கியது. எங்கள் சமவெளி ஊராட்சிகளுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. ஊராட்சியின் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு அதிகாரம் உண்டு; தலைவரையே நீக்கும் அதிகாரம் 205-ஆவது பிரிவில் உண்டு; கிராம சபை கேட்டதற்குப் பதில் தராத அலுவலரை என்ன செய்யலாம் என்பதற்கு மட்டும் பிரிவு இல்லை. மதுக்கடையை அகற்றக் கேட்கும் தீர்மானங்கள் மாநிலம் முழுதும் ஆண்டுதோறும் நிறைவேறிக் கோப்புகளில் உறங்குவது இதனால்தான்.

சேவை தடைபடுவதும் வழக்கம். 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் நடந்தது. ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களில் மீண்டும் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத கிராம சபையில் கேள்வி கேட்பது, கடைக்காரர் ஊரில் இல்லாத நாளில் கடைப்பையனிடம் பழைய கணக்கைப் பேசுவது போன்றது; அவர் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். 2020 அக்டோபர் 2 கூட்டத்தைக் கொரோனாவைக் காரணம் காட்டி அன்றைய அரசு ரத்து செய்தபோது, ஒன்றிய அரசின் வேளாண் சட்டங்களுக்கு எதிரான தீர்மானங்களைத் தவிர்க்கவே ரத்து என்று எதிர்க்கட்சியாக இருந்த தி.மு.க. குற்றம் சாட்டியது, அதே ஆண்டு இறுதியில் "மக்கள் கிராம சபை" என்று தானே ஊர் ஊராக நடத்தியது. எதிர்க்கட்சியாக இருக்கும் காலத்தில் கிராம சபையின் அருமை எல்லாக் கட்சிகளுக்கும் நன்றாகத் தெரிகிறது.

ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்து மாநிலம் இருக்கிறது. கேரளத்தில் 1996 ஆகஸ்டில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் முதலில் பணத்தைக் கொடுத்தது: மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் வரை உள்ளாட்சிகளுக்குப் போனது. அங்கே ஊராட்சிகள் நம்முடையவற்றைவிட மிகப் பெரியவை. ஆனால் கிராம சபை வார்டுதோறும் தனித்தனியே கூடுகிறது, கூட்டுவது அந்த வார்டு உறுப்பினரின் பொறுப்பு. நம் ஊராட்சி சிறியது, சபையோ ஊராட்சி முழுமைக்கும் ஒன்று. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் தெருவின் குறை இக்கரைப் பந்தலில் யார் காதிலும் ஏறுவதில்லை. பாலக்காடு மாவட்டத்தின் பெருமாட்டி ஊராட்சி, நிலத்தடி நீர் குறைவதைக் காரணம் காட்டிப் பிளாச்சிமடை கோக்கோ கோலா ஆலையின் உரிமத்தை 2003-இல் புதுப்பிக்க மறுத்ததும், ஆலை 2004-இல் நின்றதும், வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டதும் பலரும் அறிந்தவை. கேரளத்தில் எல்லாம் பொன் என்று சொல்லவில்லை. அங்கும் பயனாளிப் பட்டியல் வாசிக்கும் நாளில்தான் கூட்டம் நிரம்பும் என்று அங்குள்ள நண்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். இருந்தும் கையில் பணம் இருக்கும் சபையில் நடக்கும் பேச்சின் தரமே வேறு. கோரிக்கை வைப்பதற்குப் பதிலாக இதுவா அதுவா என்று எடைபோடுகிறார்கள்.

நகரவாசிகளுக்கு ஒரு வார்த்தை. மாநகராட்சி, நகராட்சி வார்டுகளில் பகுதி சபை என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் 2022-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் முதலமைச்சரே ஒன்றில் கலந்துகொண்டார்.  நகரில் இருக்கும் உறவினர்களிடம் கேட்டால் அப்படியொரு சபை தங்கள் தெருவுக்கு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்பவர்களுக்கு: எதிர்ப்பைப் பதிவு செய்ய நான்கு; கணக்குக் கேட்க மூன்று, படிவத்தைக் கையில் வாங்கத் தயங்காதவராக இருந்தால் மட்டும்; வேலை நடத்திக்கொள்ள இரண்டு. ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்று என்னிடம் விட்டால், கடந்த கூட்டத்தின் ஒவ்வொரு தீர்மானத்துக்கும் உரிய துறை எழுத்தில் அனுப்பிய பதிலை வாசிப்பதை நிரலின் முதல் பொருளாக வைத்து, பதில் வராத துறையின் பெயரையும் சேர்த்து வாசிக்கச் சொல்வேன்.

அதுவரை போகிறவர்கள் சில முன்னேற்பாடுகளோடு போவது நல்லது. கோரிக்கையை முன்கூட்டியே எழுதி இரண்டு படிகள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தனியாகப் போகாமல் உங்கள் தெருவிலிருந்து நான்கைந்து பேராகப் போய், "இதர பொருட்கள்" வரும் வரை உட்காருங்கள். பேசியது வேறு, எழுதப்பட்டது வேறு என்று ஆகிவிடக்கூடும் என்பதால், தீர்மானப் பதிவேட்டில் உங்கள் பொருள் எந்தச் சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை அங்கேயே வாசித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். தீர்மான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்தும் அசைவில்லை என்றால், அந்த எண்ணைக் குறிப்பிட்டு, அதன் மீது எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மனு போடுங்கள். கிராம சபைக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லாத அதே அலுவலகம், அந்த மனுவுக்கு 30 நாட்களுக்குள் பதில் தந்தாக வேண்டும்.